பனி விலகிய கல்: காலத்தைக் கணக்கிடுவது பற்றிச் சில குறிப்புகள்

1

பனியாறுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் சூழலில் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. "பனியாறு உருகுறது என்ன புதுசா? பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடியும்தான் உருகிச்சு. அப்போ எந்த ஃபாக்டரி இருந்துச்சு?" என்பது ஒன்று. மற்றது நம்மவர்களுடையது: "பத்தாயிரம் வருஷம் என்பதே விஞ்ஞானம் கட்டமைத்த கதையாடல்தானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பயபக்தி?" முதலாமவர் அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. இரண்டாமவரும் கேட்பதில்லை. ஒருவருக்கு எண் வேதவாக்கு, இன்னொருவருக்கு வெறும் புனைவு. எண் தயாராகிற பட்டறைக்குள் இருவருமே எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தப் பட்டறைக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். பழங்காலத்து மலைப் பனியாறு ஒன்று எப்போது பின்வாங்கியது என்பதை, அது விட்டுச்சென்ற பாறையின் மேற்பரப்பைக் கொண்டு எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இதில் எது அளவு, எது அனுமானம், அதிகாரம் எங்கே நுழைகிறது? நான் இயற்பியல்காரன் அல்ல. இலக்கியமும் அரசியலும் படித்து அங்கிருந்து இதற்குள் வந்தவன். பிரதியை வாசிப்பது எப்படி என்று பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற நமக்கு, கல்லை வாசிப்பவர்கள் தங்களுக்குள் போட்ட சண்டையிலிருந்து எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2

முதலில் அடிப்படை. பனியாறு நிற்கும் பனி இல்லை. வருடா வருடம் விழுகிற பனி அழுந்தி, இறுகி, கட்டியாகி, தன் எடையாலேயே பள்ளத்தாக்கில் மெல்ல இறங்குகிறது. போகிற போக்கில் மலையைச் சுரண்டுகிறது. சுரண்டிய கல்லையும் மண்ணையும் வாரிக்கொண்டு வந்து தன் முனையிலும் ஓரங்களிலும் கொட்டுகிறது. இப்படிக் குவிந்த மேட்டை மொரைன் என்கிறார்கள். பனியாறு பின்வாங்கிய பிறகும் மொரைன் அங்கேயே நிற்கும், வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் நீர் நின்ற மட்டம் கறையாகத் தெரிவது மாதிரி. 'பனி இதுவரை வந்தது' என்பதற்கு அது சாட்சி. எப்போது வந்தது என்பதற்கு அது சாட்சி சொல்லாது. மொரைனுக்குள் மரத்துண்டோ தாவர எச்சமோ சிக்கினால் கார்பன்-14 முறையில் வயது பார்க்கலாம். ஆனால் மரமே வளராத உயரத்தில் மரத்துண்டுக்கு எங்கே போவது?

கல்லையே கேட்க வேண்டியதுதான். விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் பூமிமேல் இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் புரோட்டான்கள். வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து வருபவை என்று கருதப்படுகிறது. இவை வளிமண்டலத்தில் மோதும்போது அணுக்கருக்கள் உடைந்து, உடைந்தவை மேலும் மோதி, துகள்களின் மழையாகக் கீழே இறங்குகின்றன. அவற்றில் நியூட்ரான்கள் பாறைவரை வந்து சேர்கின்றன. பாறையில் உள்ள குவார்ட்ஸை, அதாவது நம்மூர்க் காட்டில் மேட்டில் கிடக்கிற வெங்கச்சங்கல்லை, எடுத்துக்கொள்வோம். அது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது. நியூட்ரான் ஓர் ஆக்சிஜன் அணுக்கருவைத் தாக்கி உடைத்தால் சில சமயம் பெரிலியம்-10 என்ற ஐசோடோப்பு மிஞ்சும். இது கதிரியக்கம் உள்ளது, ஆனால் பாதியாகக் குறைய ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். நாம் பேசுகிற பத்திருபதாயிரம் ஆண்டுக் கணக்கில் அந்தச் சிதைவு பொருட்படுத்த வேண்டிய அளவில்லை.

எவ்வளவு உண்டாகும்? கடல் மட்டத்தில், துருவத்தை ஒட்டிய அட்சரேகைகளில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 4 அணுக்கள். நாலே நாலு. அதே ஒரு கிராமில் இருக்கிற ஆக்சிஜன் அணுக்கள் ஏறக்குறைய இருபது கோடி கோடி கோடி. இந்த விகிதாச்சாரத்தை மனதில் நிறுத்திக்கொண்டால் இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது புரியும்.

இன்னொரு பக்கம், பாறையே பாறைக்குக் குடை. மேற்பரப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் உள்ளே போனால் இந்த உற்பத்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மூன்று மீட்டர் ஆழத்தில் நியூட்ரான்களால் உண்டாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பனிக்கட்டியும் இப்படித்தான். சில பத்து மீட்டர் கனமுள்ள பனிக்கு அடியில் கிடக்கிற பாறையைப் பொறுத்தவரை வானம் மூடப்பட்டுவிட்டது. பனியாறு பாறையை மூன்று மீட்டராவது சுரண்டி எடுத்துப் புது முகத்தைக் காட்டி, பிறகு விலகிவிட்டால், அன்றிலிருந்து கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஆண்டுக்கு நாலு அணு. இன்று எத்தனை அணு இருக்கிறது என்று எண்ணி, ஆண்டுக்கு எத்தனை என்பதால் வகுத்தால் பனி விலகி எத்தனை ஆண்டு என்பது கிடைக்கும்.

வேலை நடக்கிற விதம் இது. மொரைனின் உச்சியில் அசையாமல் பதிந்து நிற்கிற பெரிய பாறையாகப் பார்க்கிறார்கள். உளி, சுத்தியல் கொண்டு மேல்முகத்தில் சில சென்டிமீட்டர் கனத்துக்குச் சில்லுகள் பெயர்க்கிறார்கள். சுற்றியிருக்கும் சிகரங்கள் வானத்தை எவ்வளவு மறைக்கின்றன என்று கோணம் அளந்து குறித்துக்கொள்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இடித்துச் சலித்து, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் திரும்பத் திரும்ப அலசி, மற்ற கனிமங்கள் கரைந்து தூய குவார்ட்ஸ் மணல் மட்டும் மிஞ்சும்வரை விடுவதில்லை. பிறகு அதையும் கரைத்து, அளந்து வைத்த சாதாரண பெரிலியம்-9ஐக் கலந்து, பெரிலியத்தை மட்டும் பிரித்து, ஆக்சிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெரிய இயந்திரத்தில் செலுத்துகிறார்கள். பெரிலியம்-9 அணுக்கள் பத்து லட்சம் கோடிக்கு ஒரு பெரிலியம்-10 இருந்தாலும், அதற்குக் குறைவாகவே இருந்தாலும், இந்த இயந்திரம் தனியாகப் பிரித்து எண்ணிவிடும்.

இதுவரை அளவு. இனிமேல்தான் அனுமானம்.

3

அனுமானத்துக்குப் போவதற்கு முன் இந்த முறையின் வம்சாவளியைச் சொல்ல வேண்டும். அதில் நமக்குத் தெரிந்த இடங்கள் வருகின்றன.

பெர்னார்ட் பீட்டர்ஸ் 1910இல் பிறந்தவர். நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமில் அடைபட்டவர். பிறகு அமெரிக்கா சென்று ஓப்பன்ஹைமரிடம் ஆய்வு செய்தார். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில், 1949இல், அதே ஓப்பன்ஹைமர் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் பீட்டர்ஸைப் பற்றிச் சொன்ன சாட்சியம் பத்திரிகைக்குக் கசிந்தது. அமெரிக்காவில் அவருக்கு எதிர்காலம் இல்லாமல் போனது. 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் இருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் பெரிலியத்தைப் பற்றி அவர் 1955இல் எழுதிய கட்டுரை இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வெளிவந்தது. பம்பாயில் அவரிடம் ஆய்வு செய்தவர் காசியில் பிறந்த தேவேந்திர லால். இருவரும் சேர்ந்து 1967இல் எழுதிய நீண்ட கட்டுரை இந்தத் துறைக்கு அஸ்திவாரம். லால் 1991இல் தனியாக எழுதிய இன்னொரு கட்டுரை, எந்த உயரத்தில், எந்த அட்சரேகையில், ஆண்டுக்கு எத்தனை அணு உண்டாகும் என்று மாற்றிக் கணக்கிடும் வாய்பாட்டைத் தந்தது. ஆண்டிஸோ ஆல்ப்ஸோ, உலகத்தில் எங்கே பாறைக்கு வயது கணித்தாலும் பல ஆண்டுகள் லாலின் வாய்பாடுதான்.

இன்னொரு இடம் கோலார் தங்கவயல். காஸ்மிக் கதிர் மழையில் மியூவான் என்ற துகளும் உண்டு. நியூட்ரான் நின்றுபோகிற ஆழத்தைத் தாண்டி அது பாறைக்குள் ஊடுருவும். எவ்வளவு தூரம் என்று பார்க்க 1951 முதல் பி.வி. ஸ்ரீகண்டன் கோலார் சுரங்கங்களுக்குள் கருவிகளுடன் இறங்கினார். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நியூட்ரினோ பதிவானது. அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் வட ஆர்க்காட்டிலிருந்து போன, பெரும்பாலும் தலித்துகளான தமிழ்த் தொழிலாளர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டு அவர்கள் தெருவுக்கு வந்ததை நாம் அறிவோம். இயற்பியல் வரலாற்றில் ஆழம் மட்டும் பதிவாகியிருக்கிறது, தோண்டியவர்கள் இல்லை. மியூவானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

4

இப்போது அனுமானங்கள்.

முதலாவது, கல் வரும்போது வெறுங்கையோடு வந்ததா? பனியாறு போதுமான ஆழம் சுரண்டாமல், ஏற்கெனவே வெயிலில் கிடந்த கல்லைத் தூக்கி வந்து போட்டிருந்தால், அதில் பழைய பாக்கி அணுக்கள் இருக்கும். வயது கூடுதலாகக் காட்டும். இரண்டாவது, கல் வந்த நாளிலிருந்து அதே நிலையில் கிடந்ததா? மொரைன் மண் கரைந்து உள்ளே புதைந்திருந்த கல் பிற்பாடு வெளியே வந்திருக்கலாம், புரண்டிருக்கலாம். அப்போது வயது குறைவாகக் காட்டும். மூன்றாவது, குளிர்காலப் பனி எத்தனை மாதம் கல்லை மூடியிருக்கும், காற்றும் மழையும் மேற்பரப்பை எவ்வளவு அரித்திருக்கும்? இதனால்தான் ஒரு மொரைனில் ஒரு கல்லோடு நிறுத்துவதில்லை. ஐந்தாறு கல் எடுக்கிறார்கள். நாலு ஒத்துப்போய் ஒன்று விலகி நின்றால் அதை விலக்கிவிடுகிறார்கள். எதை விலக்குவது என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு சொல்பவருக்கு முன்கூட்டியே ஒரு விடை பிடித்திருந்தால் விலகிய கல்லுக்கு நியாயம் கிடைக்காமல் போகலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அனுமானம், ஆண்டுக்கு எத்தனை அணு என்பது. 'நாலு' என்று மேலே போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அந்த நாலு எங்கிருந்து வந்தது? வயது ஏற்கெனவே தெரிந்த பாறை ஒன்று வேண்டும். அதில் உள்ள அணுக்களை எண்ணி, தெரிந்த வயதால் வகுத்தால் ஆண்டு வீதம் கிடைக்கும். அப்படியானால் அந்த முதல் பாறையின் வயது எப்படித் தெரிந்தது?

1989இல் நிஷீசுமியும் சகாக்களும் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பனியாறு மெருகேற்றிவிட்டுப் போன கருங்கல் பரப்புகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே பனி விலகிச் சுமார் 11,000 ஆண்டு என்று அன்று கருதப்பட்டது. அதை வைத்து ஆண்டுக்கு 6 அணு என்ற வீதத்தைத் தந்தார்கள். பிற்பாடு சியராவில் பனி அதற்கும் முன்னாலேயே விலகிவிட்டது என்று தெரிந்தது. வீதம் 5க்கு இறங்கியது. 2009, 2010 வாக்கில் வேறு இடங்களில் செய்த அளவீடுகள் அதை 4க்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்தன.

இதன் விளைவைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மாற்றிய கணக்கில் ஒரு கல்லில் கிராமுக்கு 60,000 அணு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீதம் 6 என்றால் வயது 10,000. 5 என்றால் 12,000. 4 என்றால் 15,000. கல் மாறவில்லை, அதிலுள்ள அணு ஒன்றுகூட மாறவில்லை, வயது மட்டும் ஐயாயிரம் ஆண்டு மாறிவிட்டது.

"பார்த்தீங்களா, நாங்க சொன்னது சரியாப் போச்சு, எல்லாம் கட்டமைப்புதான்" என்று நம் நண்பர்கள் உற்சாகமாகலாம். அவசரப்பட வேண்டாம். அடுத்து என்ன நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

5

வடக்கு ஐரோப்பாவின் ஏரிப் படிவுகளில் டிரையாஸ் என்ற சிறிய குளிர்ப்பிரதேச வெள்ளைப் பூச்செடியின் எச்சங்கள் ஒரு குறிப்பிட்ட அடுக்கில் திரும்பவும் தலைகாட்டுகின்றன. பனியுகம் முடிந்து உலகம் சூடேறிக்கொண்டிருந்தபோது, இடையில் மறுபடி குளிர் திரும்பியதன் அடையாளம் அது. அந்தக் காலத்துக்கு யங்கர் டிரையாஸ் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்வரை. ஸ்காண்டிநேவியாவின் ஒரு பூவின் பெயர் உலகத்தின் காலத்துக்கே பெயரானது. பெயர் வந்த பிறகு, அதைத் தேடிக்கொண்டு உலகம் முழுக்கப் போனார்கள்.

அப்படித் தேடிப்போன இடங்களில் ஒன்று நியூசிலாந்தின் தெற்குத் தீவு. அங்கே ஒரு பனியாற்றுக்கு 1865இல் ஹாஸ்ட் என்ற ஜெர்மானிய நிலவியலாளர் ஆஸ்திரியப் பேரரசரின் பெயரைச் சூட்டினார்: ஃபிரான்ஸ் ஜோசஃப். அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. கா ரொய்மாட்டா ஓ ஹினே ஹுகாடெரே, அதாவது ஹினே ஹுகாடெரேயின் கண்ணீர். தன்னோடு மலையேறிய காதலன் பனிச்சரிவில் மாண்டபோது அவள் அழுத கண்ணீர் உறைந்ததே பனியாறு என்பது மாவோரிகள் சொல்லும் கதை. நைட்டாஹு மக்களின் நீண்ட உரிமைப் போராட்டத்தின் முடிவில் 1998இல் வந்த சட்டம் இரண்டு பெயரையும் சேர்த்து எழுத வழிசெய்தது.

இந்தப் பனியாறு ஒரு காலத்தில் சமவெளிவரை வந்து வளைவான பெரிய மேடு ஒன்றை விட்டுச்சென்றிருக்கிறது. வைஹோ லூப் என்பது அதன் பெயர். 1994இல் டென்டன், ஹெண்டி இருவரும் லூப்புக்குச் சற்று உள்ளே ஒரு குன்றில் கிடைத்த மரத்துண்டுகளின் கார்பன்-14 வயதை வைத்து, யங்கர் டிரையாஸ் காலத்தில்தான் பனியாறு முன்னேறியது என்று எழுதினார்கள். ஐரோப்பா குளிர்ந்தபோது பூமியின் மறுகோடியும் சேர்ந்தே குளிர்ந்தது, வடக்கின் தாளம்தான் உலகத்தின் தாளம் என்பது அதன் பொருள். 2007இல் பாரோஸும் சகாக்களும் லூப்பின் பாறைகளையே நேரடியாக அளந்து, அது யங்கர் டிரையாஸ் முடிந்த பிறகு, சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன் உண்டானது என்றார்கள். மரமும் கல்லும் ஒன்றையொன்று மறுத்தன. 2008இல் டோவாரும் சகாக்களும் இரண்டு தரப்புக்கும் அடியில் இருந்த நம்பிக்கையையே பிடித்து இழுத்தார்கள். லூப்பில் உள்ள கற்களில் பெரும்பகுதி, மலையின் மேற்பகுதியிலிருந்து வந்த கூர்முனையுள்ள மணற்பாறை. பனியாறு சுரண்டி உருட்டிக் கொண்டுவந்தது மாதிரி இல்லை. பெரிய மலைச்சரிவு ஒன்று பனியாற்றின்மேல் விழுந்து மூடி, உருகுவதைத் தடுத்து, அதை முன்னே தள்ளியிருக்கலாம் என்றார்கள். அப்படியானால் லூப்புக்கு வயது சரியாகத் தெரிந்தாலும் அது தட்பவெப்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. லூப் எப்படி உண்டானது என்ற விவாதம் அத்தோடு முடியவும் இல்லை.

நான் இதை முக்கியமாக நினைக்கக் காரணம் உண்டு. கல் சொல்வது ஒன்றே ஒன்று: 'நான் வெளியே வந்து இத்தனை காலம் ஆயிற்று.' ஏன் வெளியே வந்தது, குளிரா, வெப்பமா, மலைச்சரிவா என்பது கல்லில் எழுதியில்லை. அது நம் வாசிப்பு. வாசிப்பவர் கையில் 'யங்கர் டிரையாஸ்' என்ற தலைப்பு முன்கூட்டியே இருந்தால் அந்தத் தலைப்புக்குள்தான் வாசிப்பார்.

6

ஆனால் கதை இங்கே நிற்கவில்லை. நியூசிலாந்தின் கல்லுக்கு, எங்கோ கலிஃபோர்னியாவில் சாவி கொடுத்த கடிகாரத்தை வைத்து மணி பார்ப்பதுதான் சிக்கல் என்றால், அந்த மண்ணிலேயே கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும் அல்லவா? தெற்கு ஆல்ப்ஸின் மக்காலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய சேற்றுப்பாறைச் சரிவு ஒன்று இருக்கிறது. அதன் அடியில் புதைந்த தாவர எச்சங்களின் கார்பன்-14 வயது, சரிவு நடந்து சுமார் 9,700 ஆண்டு என்று காட்டுகிறது. அந்தக் கார்பன் கணக்கோ, ஆண்டுக்கொன்றாக விழும் மர வளையங்களை எண்ணிச் சரிசெய்யப்பட்டது. ஆகச் சரிவின்மேல் கிடக்கிற பாறைகளுக்கு வயது தெரியும். பட்னமும் சகாக்களும் அவற்றிலுள்ள பெரிலியத்தை எண்ணி, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டு வீதம் சுமார் 3.8 அணு, அதுவரை உலகம் முழுக்கப் பயன்பட்ட வீதத்தைவிடக் குறைந்தது நூற்றுக்கு 12 குறைவு.

12 சதவீதம் ஒரு பெரிய விஷயமா? யங்கர் டிரையாஸின் மொத்த நீளமே 1,200 ஆண்டுதான். புதிய வீதப்படி 13,000 ஆண்டு வயதான கல்லுக்குப் பழைய வீதம் 11,400 என்று காட்டும். அதாவது யங்கர் டிரையாஸ் தொடங்கும் முன்பே பிறந்த மொரைனைத் தூக்கி, அது முடிந்த பிறகு பிறந்ததாகப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்துவிடும். ஒரு யுகம் முழுவதையும் தாண்டிக் குதிக்கிற பிழை.

உள்ளூரில் சரிபார்த்த இந்தக் கடிகாரத்தோடு பென் ஓஹாவ் மலைத்தொடரில் ஐரிஷ்மன் ஓடையின் தலைப்பகுதி மொரைன்களைக் கேப்லனும் சகாக்களும் அளந்தார்கள். அதே 2010இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு, பனியாறு சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் எட்டிய எல்லையிலிருந்து அடுத்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் பின்வாங்கிக்கொண்டே போனது என்பது. ஐரோப்பா உறைந்த அதே நாட்களில் நியூசிலாந்தில் பனி உருகியது. தெற்கின் பனி முன்னேறியது அதற்கு முன்னால், அண்டார்க்டிகா குளிர்ந்த காலத்தில்.

மையத்தின் காலம் விளிம்பின் காலமல்ல என்று இதை உடனே கொடியாக ஏற்றிவிடலாம். அவ்வளவு எளிதில்லை. வடக்கும் தெற்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இயங்கின என்று யாரும் சொல்லவில்லை. அட்லாண்டிக் கடலின் நீரோட்டம் வெப்பத்தை வடக்கே கொண்டுபோகிறது. அது தளர்ந்தால் வடக்கு குளிரும், போகாத வெப்பம் தெற்கில் தங்கும். சீசா பலகை மாதிரி ஒருபுறம் தாழ ஒருபுறம் ஏறுகிறது. இருவரையும் பிணைத்த பலகை ஒன்றே, அனுபவம் எதிரெதிர். காலனியத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட பிணைப்பு புதிதில்லை.

இங்கே கட்டமைப்புவாதி நண்பர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய மையக் காலவரிசையைக் குலைத்தது எது? யாரோ அதை மறுவாசிப்பு செய்ததால் மட்டும் அது குலையவில்லை. அணுக்களின் எண்ணிக்கையும், வீதமும், விலக்கிய கல்லும், உயரமும், வானத்தின் மறைப்புக் கோணமும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருந்ததால் குலைந்தது. வயதை மட்டும் அச்சிட்டிருந்தால் வீதம் மாறியபோது மலையேறி எல்லாக் கல்லையும் மறுபடி உடைக்க வேண்டியிருந்திருக்கும். எண்ணிக்கை கையில் இருந்ததால் எவரும் உட்கார்ந்த இடத்தில் பழைய வயதுகளைத் திருத்த முடிந்தது. 2008 முதல் அதற்கான கணிப்பான் பொதுவில் இலவசமாகவே கிடைக்கிறது. அனுமானத்தை ஒளித்துவைக்காமல் வெளியே வைத்ததுதான் இந்த அறிவின் பலம். அனுமானம் இருக்கிறது என்று கண்டுபிடித்ததோடு நம் விமர்சனம் முடிந்துவிட்டால், கல்லுடைப்பவர்கள் நமக்கு முன்னாலேயே அதைச் செய்துவிட்டு மேலே போய்விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

7

இனி முதல் நண்பரின் கேள்விக்கு வருவோம். பனியாறு முன்பும் பின்வாங்கியது, இப்போதும் பின்வாங்குகிறது, என்ன வித்தியாசம்?

இதே முறையைத் திருப்பிப் போட்டால் விடை கிடைக்கிறது. மொரைனில் பழைய கல்லைத் தேடாமல், இன்றைய பனியாற்றின் விளிம்பில், சமீபத்தில் பனி விலகி வெளியே வந்திருக்கும் அடிப்பாறையை எடுத்தால்? கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் எப்போதாவது பனியாறு இன்று இருக்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தால் அந்தப் பாறை அப்போது வானம் பார்த்திருக்கும், அணுக்களைச் சேர்த்திருக்கும். வெப்பமண்டல ஆண்டிஸில் நான்கு பனியாறுகளின் விளிம்பில் கோரினும் சகாக்களும் இப்படிப் பாறை எடுத்தார்கள். 2024இல் முடிவு வெளிவந்தது. பாறையில் பெரிலியம்-10 ஏறக்குறைய இல்லை. கார்பன்-14உம் இல்லை. அதாவது குறைந்தது 11,700 ஆண்டுகளாக, மனிதர் உழுது, ஊர் கட்டி, எழுத்துக் கண்டுபிடித்த காலம் முழுவதும், இந்தப் பனியாறுகள் இன்றுபோல் சிறுத்திருந்ததாகத் தடயம் இல்லை.

"சேர்ந்திருந்த அணுவைப் பனியாறே சுரண்டி எடுத்திருக்கலாமே?" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். பாறைக்குள் உண்டாகும் கார்பன்-14க்கு இங்கேதான் வேலை. அதில் கணிசமான பங்கு மியூவான்களால் ஆழத்திலும் உண்டாகிறது. கோலாரில் துரத்திக்கொண்டு இறங்கிய அதே மியூவான். மேற்பரப்பைச் சுரண்டினாலும் ஆழத்தில் உண்டானதை அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது. அதோடு கார்பன்-14 சுமார் 5,700 ஆண்டில் பாதியாகும், பெரிலியம்-10 அப்படியே இருக்கும். வேகம் வேறான இரண்டு கடிகாரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால், சுரண்டலா மூடலா என்று பிரித்தறிய வழி இருக்கிறது.

ஆக, "எப்பவும் உருகுனதுதானே" என்பவருக்குப் பதில் அவர் மேற்கோள் காட்டும் அதே முறையிலிருந்தே வருகிறது. பழைய உருகல் உண்மை. அதைச் சொல்லும் கல்தான் இன்றைய உருகல் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்றும் சொல்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

கடைசியாக நம் பக்கத்துக் கணக்கு. 2007இல் வெளிவந்த ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கையில், இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு வரி இருந்தது. எத்தனை துண்டறிக்கைகளில், மேடைகளில் அந்த வரி ஓடியது! 2009இல் இந்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விவாத அறிக்கை, இமயத்தில் அசாதாரணமான பின்வாங்கல் எதுவும் இல்லை என்று எதிர்முனைக்குப் போனது. 2010 ஜனவரியில் காலநிலைக் குழு தன் வரிக்கு வருத்தம் தெரிவித்தது. அந்த 2035க்குப் பின்னால் கல் இல்லை, அளவு இல்லை. துறை அறிஞர்கள் மதிப்பிட்டு வெளியான ஆய்வு எதுவும் இல்லை. ஓர் அமைப்பின் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டிய எண் அது. எண் நமக்குச் சாதகமாக இருந்ததால் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை. அந்த ஒரு வரி பொய்த்தபோது, பனியாறுகள் உருகுவதே பொய் என்று பேசுவதற்கு எதிர்த்தரப்புக்கு நல்ல வாய்ப்பாயிற்று. அந்த மலைகளின் நீரை நம்பி வாழும் மக்களுக்கு அதனால் நேர்ந்த நஷ்டம் எந்த அறிக்கையிலும் பதிவாகவில்லை.

எனவே செயல்பாட்டாளர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் நான் வைக்க விரும்புவது ஒரு சிறிய கோரிக்கை. பனியாறோ, அணையோ, நிலத்தடி நீரோ, எண் ஒன்றைக் கையில் எடுத்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு எழுதுவோம். எதை எண்ணினார்கள்? எதைக் கொண்டு வகுத்தார்கள்? வகுத்த எண் எந்த ஊரில், யாருடைய கல்லில் சரிபார்க்கப்பட்டது? விடை தெரிந்தால் அதையும் எண்ணோடு சேர்த்து அச்சிடுவோம், இரண்டு வரி கூடுதலாகும், ஆகட்டும். நாளை வீதம் மாறினால், திருத்திக்கொண்டு தொடர்ந்து பேச நம் கையில் ஏதாவது இருக்கும்.